நாலு தடவை போய்வந்துவிட்டான், நடந்ததைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. இது என்ன சிகிச்சை?

பரந்தன்காரி:

எல்லோருக்கும் வணக்கம். உளவளத்துணை தெரிந்தவர்கள் இங்கே இருப்பதாகக் கேள்விப்பட்டு எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தம்பிக்கு 29 வயது. மேசன். நல்ல வேலைக்காரன், ஆனால் வாய் திறக்கமாட்டான். சுனாமி வந்தபோது அவனுக்கு எட்டு வயது. முல்லைத்தீவில் இருந்தோம், அன்றைக்குத்தான் அம்மம்மாவை இழந்தோம். 2009இல் அவனுக்குப் பதின்மூன்று. மாத்தளனிலிருந்து முள்ளிவாய்க்கால் வரை நடந்தவர்களில் நாங்களும் உண்டு. தண்ணீர் எடுத்துவரப் போன அப்பாவைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. பிறகு மெனிக் பாம் முகாம். ஊருக்குத் திரும்பியபின் இத்தனை வருடமும் தம்பி ஒழுங்காகத்தான் இருந்தான். அப்படித்தான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஆவணியில் அவனுக்கு மகள் பிறந்தாள். அதன்பிறகு எல்லாம் தலைகீழ். இரவில் பிள்ளை அழுதால் எழுந்து, பையில் உடுப்பை அள்ளிப்போட்டுக்கொண்டு வாசலில் போய் நிற்கிறான். தீபாவளியன்று பக்கத்து வளவில் சீனவெடி கொளுத்தினார்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிணற்றுக்கட்டுக்குப் பின்னால் போய்க் குந்தியவன் ஒரு மணித்தியாலம் எழும்பவில்லை. நித்திரை வருவதற்கென்று சாராயமும் பழகிவிட்டான்.

கெஞ்சிக் கூத்தாடிக் கிளிநொச்சியில் ஓர் உளவளத்துணையாளரிடம் அனுப்பினோம். தான் ஒருங்கிணைந்த முறையில், அதாவது பல சிகிச்சை முறைகளைச் சேர்த்து, வேலை செய்வதாக அந்த அம்மா சொன்னார். முதல் தடவை நித்திரை, சாப்பாடு, எந்தக் கதிரையில் இருக்க விருப்பம் என்பதோடு முடிந்தது. இரண்டாவது தடவை மூச்சுப் பயிற்சி. அம்மம்மா சொல்லிக்கொடுத்த மந்திரம் ஏதாவது நினைவிருக்கிறதா என்றும் கேட்டாராம். மூன்றாவது தடவை, ஆஸ்பத்திரியில் மனநல டொக்டரைப் பார்க்கச் சொல்லிக் கடிதம் கொடுத்தார். நாலாவது தடவை, நம்பமாட்டீர்கள், சுவருக்குச் சாந்து பூசுவது எப்படி என்று முக்கால் மணித்தியாலம் தம்பியிடம் பாடம் கேட்டிருக்கிறார்!

ஒரு தடவைக்கு 2,500 ரூபாய். பத்தாயிரம் போய்விட்டது. நடந்ததைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. மனதில் கிடப்பதைக் கொட்டினால்தானே பாரம் குறையும்? "எல்லாம் செய்கிறேன் என்கிறவருக்கு ஒன்றும் உருப்படியாகத் தெரியாது" என்கிறார் என் கணவர். ஆளை மாற்றுவதா, தொடர்வதா?

கணக்கன் (லண்டன்):

உங்கள் கணவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 'ஒருங்கிணைந்த' என்பது ஏதோ ஒரு குறிப்பிட்ட சிகிச்சையின் பெயர் அல்ல, விரும்பியவர் பலகையில் எழுதிக்கொள்ளலாம். உலக சுகாதார நிறுவனம் 2013இல் வெளியிட்ட வழிகாட்டலில் இந்த மனவடு நோய்க்கு (PTSD) இரண்டு சிகிச்சைகள் பெயர் சொல்லியே பரிந்துரைக்கப்பட்டன. ஒன்று, மனவடுவை மையமாகக் கொண்ட அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. மற்றது, கண்ணை இடமும் வலமும் அசைத்தபடி பழைய நினைவைத் தொடுகிற ஈ.எம்.டி.ஆர். இந்த இரண்டில் எது தெரியும் என்று அவரிடம் கேளுங்கள். பதில் வழவழ என்று இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். மூச்சுப் பயிற்சி யூடியூபிலேயே இலவசமாகக் கிடைக்கிறது.

ஸ்காபரோ சாரதி:

நான் படித்தவன் இல்லை, பஸ் ஓட்டுகிறவன். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். இங்கே வந்த புதிதில் ஒருவரிடம் அனுப்பினார்கள். முதல் நாளே படிவத்தை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார். நானும் மரியாதைக்காக எல்லாவற்றையும் சொன்னேன். அன்றிரவு கார் நிறுத்துமிடத்தில், காருக்குள்ளேயே விடியும்வரை இருந்தேன். அதற்குப் பிறகு ஐந்து வருடம் எந்தச் சிகிச்சைக்காரர் வாசலையும் மிதிக்கவில்லை. அந்தக் கிளிநொச்சி அம்மாவை அவசரப்படுத்தாதீர்கள் தங்கச்சி.

சாவகச்சேரி ரீச்சர்:

பிள்ளை, முதலில் ஒன்று கேட்கிறேன். அந்த அறைக்குள் நடந்தது உங்களுக்கு இவ்வளவு விவரமாகத் தெரிந்திருக்கிறதே. தம்பி தானாகச் சொன்னானா, வந்திறங்கியதும் வாசலில் மறித்துக் கேட்டீர்களா? கேட்டிருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். ஒருத்தி கேட்காமல் இருப்பதற்குப் பணம் கொடுத்துவிட்டு, வீட்டில் நீங்கள் கேட்டுக்கொண்டிருந்தால் அந்தப் பணம் வீண்தான்.

நான் கணிதம் படிப்பித்தவள். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் போரால் இடம்பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தால் எங்கள் பக்கம் வந்து சேர்ந்தபோது, வகுப்பறைகளை மேசை அடுக்கி மறைத்து, அறைக்கு மூன்று குடும்பம் என்று பிரித்துக் கொடுத்தேன். உளவளத்துணைக்குள் அப்படித்தான் வந்தேன். பயிற்சி பிறகுதான் கிடைத்தது. நான் செய்த பெரிய பிழை அந்த இடைவெளியில் நடந்தது. குழந்தையைப் பறிகொடுத்த ஒரு தாய் என்னிடம் வந்தாள். "என்ன நடந்தது, எல்லாவற்றையும் சொல்லுங்கள்" என்றேன். இரண்டு மணித்தியாலம் சொன்னாள், அழுதாள், என் கையைப் பிடித்து நன்றியும் சொன்னாள். பெரிய உதவி செய்துவிட்ட திருப்தியில் நான் வீட்டுக்குப் போய் வயிறு நிறையச் சாப்பிட்டேன். அவள் நாலு நாள் சாப்பிடவில்லை, கண் மூடவில்லை. பிறகு என்னைக் கண்டால் மற்றப் பாதையால் போகத் தொடங்கினாள்.

கொட்டினால் பாரம் குறையும் என்கிறீர்கள். கொட்டிவிட்டு உதறி மடிக்க மனம் என்ன சாக்கா? மற்ற நினைவுகளுக்கு நாள் உண்டு, முன் பின் உண்டு, முடிவு உண்டு. உயிர்ப்பயத்தில் பதிந்தவை துண்டு துண்டாகக் கிடக்கும்: ஒரு சத்தம், ஒரு மணம், காலடியில் சுடும் மணல். சீனவெடி வெடித்தபோது தம்பிக்கு அது பழைய கதையாக நினைவுக்கு வரவில்லை, அந்த நிமிடமே திரும்பி வந்துவிட்டது. அதனால்தான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பதுங்கினான். தகப்பனாக அவன் செய்ததில் ஒரு பிழையும் இல்லை, வருடம் மட்டும்தான் பிழை. இப்படிப்பட்டவனிடம் முதல் நாளே கதையைக் கேட்டால் அவன் கதை சொல்லமாட்டான், திரும்ப அங்கே போய் நிற்பான்.

இதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992இல் அதை மூன்று படியாக எழுதிவைத்தார்: முதலில் பாதுகாப்பு, பிறகு நினைவுகூர்ந்து துக்கம் காத்தல், பிறகு மனிதரோடும் வாழ்வோடும் திரும்ப ஒட்டுதல். அவருக்கும் ஒரு நூற்றாண்டு முன்னால் பாரிஸில் பியர் ஜனே ஏறக்குறைய இதையேதான் செய்தார். உங்கள் தம்பியைக் கேட்டால் ஒரு வசனத்தில் சொல்லியிருப்பான். காய்ந்த சுவரில் சாந்து ஒட்டாது, முதலில் நனைக்க வேண்டும்.

அந்தச் சாந்துப் பாடத்துக்கு வருகிறேன். அந்த அம்மா ஏன் கேட்டார் என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். நானாக இருந்தால் இதற்காகத்தான் கேட்டிருப்பேன்: வாய் திறக்காத ஒருவன், தனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றை, முதலில் இது, அடுத்தது இது, இங்கே முடிந்தது என்று இன்னொருவருக்குச் சொல்லிப் பழகுகிறான். தூக்குக்குண்டு பிடிப்பதைச் சொல்லும்போது கை எப்படி இருக்கிறது, மூச்சு எங்கே நிற்கிறது என்று அவர் பார்த்துக்கொண்டிருந்திருப்பார். நாளைக்கு வேறு கதை சொல்லும்போது எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று தெரியவேண்டுமே. மரத்துப்போவதற்கும் துடித்துப்போவதற்கும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கிறது, அதற்குள் வைத்துத்தான் எதையும் தொடலாம். கதிரையைத் தெரிவுசெய்யச் சொன்னதும் சும்மா அல்ல. கதவுக்கு முதுகைக் காட்டி இருக்க முடியாதவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கணக்கன் தம்பிக்கு: நீங்கள் சொன்ன இரண்டு சிகிச்சைகளும் நல்லவை, மறுக்கவில்லை. ஆனால் மூச்சுப் பயிற்சியையும் மந்திரத்தையும் பற்றி ஏளனம் வேண்டாம். மனநல டொக்டர் தயா சோமசுந்தரமும் அவரோடு யாழ்ப்பாணத்தில் வேலை செய்தவர்களும், சைவர்களுக்கு மந்திர செபம், கத்தோலிக்கருக்குச் செபமாலை, முஸ்லிம்களுக்கு இறைநாமம் சொல்லும் திக்ர் என்று அவரவருக்குப் பழகியதையே தளர்வுப் பயிற்சியாக்கினார்கள். ஆங்கில முறையில் "தசையை இறுக்குங்கள், விடுங்கள்" என்றால் எங்கள் ஆச்சிமார் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். பஞ்சாட்சரத்தைச் சொல்லச் சொன்னால் யாரும் சிரிக்கவில்லை. 2001இல் இத்தாலிய ஆய்வாளர்கள் செபமாலையையும் மந்திரத்தையும் அளந்து பார்த்தபோது இரண்டும் மூச்சை நிமிடத்துக்கு ஆறு அளவுக்கு இறக்கின. இன்னொன்று. சுனாமிக்குப் பிறகு எங்கள் வடகிழக்கு முகாம் ஒன்றில் 31 பிள்ளைகளைப் பிரித்து, ஒரு பகுதிக்கு நடந்ததை வரிசையாகச் சொல்லவைக்கும் சிகிச்சையும், மற்றப் பகுதிக்குத் தியானமும் தளர்வும் ஆறு தடவை கொடுத்தார்கள். 2008இல் வெளிவந்த முடிவு: இரண்டு பகுதியும் தேறியது, பெரிய வித்தியாசம் இல்லை. சின்ன ஆய்வுதான். ஆனாலும் நம்முடைய பிள்ளைகள், நம்முடைய மண்.

அதற்காக மூச்சோடு நின்றுவிட்டால் போதும் என்று நான் சொல்லவில்லை. என்றோ ஒருநாள் கதைக்குப் போகத்தான் வேண்டும். உங்கள் தம்பியைப் போல ஒன்றன்மேல் ஒன்றாகப் பட்டவர்களுக்கு எனக்குப் பிடித்தது கயிறு. நிலத்தில் ஒரு கயிற்றைப் போட்டு, பிறப்பிலிருந்து இன்றுவரை அதுதான் உன் வாழ்க்கை என்று சொல்லி, நல்லதுக்குப் பூவும் கெட்டதுக்குக் கல்லும் வைக்கச் சொல்வது. போரில் பட்டவர்களுக்கென்று ஜெர்மனிக்காரர் வகுத்த முறை. வடமராட்சி கிழக்கில் ஒரு கடற்றொழிலாளி, வள்ளத்துக் கயிற்றையே கொண்டுவந்து போட்டார். றோட்டோரச் சல்லிக்கல்லைப் பொறுக்கி வந்து ஏழு இடத்தில் வைத்தார். எட்டாவதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். பிறகு அதைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு, நந்தியாவட்டைப் பூ ஒன்றை எடுத்து, இரண்டு பெரிய கற்களுக்கு நடுவில் வைத்தார். என்ன என்று கேட்டேன். "அந்த வருடம் மூத்தவள் நீந்தப் பழகினாள்" என்றார். தனக்கே அது மறந்துபோயிருந்தது என்றார். அந்த எட்டாவது கல்லின் கதை பதினொரு வாரம் கழித்து வந்தது. வராமல் போயிருந்தாலும் நான் கேட்டிருக்கமாட்டேன்.

ஒருங்கிணைந்த முறை என்பது என் கணக்கில் இவ்வளவுதான்: உடம்பு, கதை, மருந்து, சமயம், வீட்டார் எல்லாவற்றிலும் கை இருக்கும், ஆனால் எது இப்போது, எது பிறகு, ஏன் என்று கேட்டால் பதிலும் இருக்கும். பதில் இல்லாவிட்டால் அது கூட்டுச்சோறு. ஆகவே கணக்கன் சொன்னபடி கேள்வி கேட்பது சரி, ஆனால் கேட்க வேண்டியவன் தம்பி. "என்ன திட்டத்தில் போகிறோம், கதைக்கு எப்போது வருவோம், உங்கள் வேலையை மேற்பார்வை செய்பவர் யார்?" இத்தனை தடவையில் குணமாக்குகிறேன் என்று வாக்குக் கொடுத்தாலோ, டொக்டரிடம் போகாதே என்றாலோ, யாரிடமும் சொல்லாதே என்று எதையாவது செய்யச் சொன்னாலோ அன்றே விட்டுவிடுங்கள். அந்தக் கிளிநொச்சி அம்மா மூன்றாவது தடவையே டொக்டருக்குக் கடிதம் கொடுத்திருக்கிறார். எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது. சாராயம் குடிப்பதை டொக்டரிடம் மறைக்க வேண்டாம். நித்திரைக் குளிசையும் சாராயமும் சேர்ந்தால் உயிருக்கு ஆபத்து.

சாக வேண்டும் என்று நினைக்கிறானா என்று யாராவது அவனை நேரே கேட்டீர்களா? கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆம் என்றால் அடுத்த தவணைக்குக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். இரவில் யாரையும் பிடிக்க முடியாவிட்டால் 1926 என்ற மனநல உதவித் தொலைபேசி இருக்கிறது.

கடைசியாக அப்பா. உங்கள் அம்மா பொட்டு வைக்கிறார் என்றுதான் நினைக்கிறேன். வைக்கட்டும். அந்தியேட்டி என்ற ஈமக்கிரியையைச் செய்துவிட்டால் மனம் ஆறும் என்று சொல்ல ஊரில் நாலு பேர் வருவார்கள். உடலும் இல்லை, தகவலும் இல்லை, செய்தால் நாமே முடித்துவிட்டோம் என்ற குற்றவுணர்வு வரும், செய்யாவிட்டால் காத்திருப்பு. இந்த இழப்புக்கு முடிவு இல்லை, அதனால் துக்கத்துக்கும் நாள் குறிக்க முடியாது. அமெரிக்காவில் போலின் பொஸ் என்ற பெண்மணி காணாமல்போனவர்களின் குடும்பங்களோடு வேலை செய்து, 'தெளிவற்ற இழப்பு' என்று இதற்கென்றே தனிப் பெயர் வைத்தார். நல்ல உளவளத்துணையாளர் இந்தப் பக்கம் என்றோ அந்தப் பக்கம் என்றோ தள்ளமாட்டார். தம்பி தகப்பனானதும் தகப்பன் நினைவு கிளம்பியிருக்கிறது, எனக்கு அப்படித்தான் படுகிறது. நேரில் பார்க்காமல் இதற்குமேல் சொல்லக்கூடாது.

பிறகு, பிள்ளை, 2009இல் அவனோடு நடந்தவர்களில் நீங்களும் ஒருவர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவன் வயதை எழுதினீர்கள், உங்கள் வயதை எழுதவில்லை.

பரந்தன்காரி:

ரீச்சர், வாசலில் மறித்துத்தான் கேட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள். அம்மா பொட்டு வைக்கிறார், சரிதான்.

எனக்கு அப்போது இருபது. நான் நன்றாகத்தான் இருக்கிறேன். மூன்று மாடு, இரண்டு பிள்ளைகள், விழுந்து படுக்க நேரம் இல்லை. அது கிடக்கட்டும். சாகும் எண்ணம் பற்றித் தம்பியிடம் நேரே கேட்டேன். அப்படி இல்லை என்றான், பிள்ளை இருக்கிறாள்தானே என்றான். ஐந்தாவது தவணைக்குப் போகிறான், நான் காசை மட்டும் கொடுத்தேன், ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு ஒன்று மட்டும் சொல்லுங்கள். அவன் மனைவி பிள்ளையோடு தாய்வீடு போனால் இரவில் இங்கேதான் படுக்கிறான். நித்திரையில் கத்துவான். ஓடிப்போய்த் தோளைப் பிடித்து உலுக்குவேன், அப்போது கையை ஓங்கிவிடுவான். என்ன செய்வது?

சாவகச்சேரி ரீச்சர்:

தொடாதீர்கள். அந்த நேரத்தில் உங்கள் கை உங்கள் கை என்று அவனுக்குத் தெரியாது. லைட்டைப் போடுங்கள். கால்மாட்டில் இரண்டு முழம் தள்ளி நின்று, சாதாரணக் குரலில் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். "நான் அக்கா. இது பரந்தன், நம்முடைய வீடு. இன்றைக்கு வெள்ளிக்கிழமை. உன் மகளுக்கு ஐந்து மாதம்" என்று, உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். கண் உங்களைப் பார்த்ததும் காலை நிலத்தில் வைக்கச் சொல்லுங்கள். சீமெந்துத் தரையின் குளிர் நல்லது. தண்ணீர் கொடுங்கள். என்ன கனவு என்று கேட்காதீர்கள். இதைப் பகலிலேயே அவனிடம் சொல்லிவையுங்கள், "இனி இப்படித்தான் எழுப்புவேன்" என்று. கேட்காமல் செய்தால் அதுவும் ஒரு பயம்.

நன்றாகத்தான் இருக்கிறேன் என்றதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. மாடு கறக்கும் நேரம் போக மிச்ச நேரம் கிடைத்தால் எழுதுங்கள்.

கணக்கன் (லண்டன்):

ரீச்சர், 31 பிள்ளைகளின் ஆய்வைத் தேடி வாசித்தேன். யூடியூப் பற்றி எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். மேற்பார்வை பற்றிய கேள்வியை மட்டும் விடமாட்டேன்.

பரந்தன்காரி:

நேற்று இரவு இரண்டு மணிக்குக் கத்தினான். லைட்டைப் போட்டுவிட்டுக் கால்மாட்டில் நின்றேன். என் கால்தான் நடுங்கியது. "நான் அக்கா. இது பரந்தன்" என்று தொடங்கினேன். கிழமையை மாற்றிச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. கண்ணைத் திறந்து கொஞ்ச நேரம் பார்த்தான். "இன்றைக்குச் சனிக்கிழமை அக்கா" என்றான். காலைத் தரையில் வைத்துத் தண்ணீர் குடித்தான். பிறகு, "நீ போய்ப் படு, லைட் எரியட்டும்" என்றான்.

நான் படுக்கவில்லை. விடியும்வரை இரண்டு பேரும் குசினியில் இருந்து தேத்தண்ணீர் குடித்தோம். சாந்து பூசுவதைப் பற்றி எனக்கும் சொல்லித்தந்தான்.